ஓப்பன் செஸ் போட்டியில் யாரும் ‘அவுட்’ ஆவதில்லை

“எத்தனையாவது ரவுண்டில் அவுட் ஆனே?”

ஓப்பன் செஸ் போட்டி ஆடிவிட்டு வீடு திரும்புகிறவரிடம் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. ஒன்பது சுற்றும் ஆடினேன், நாலரைப் புள்ளி, நூற்றிரண்டாவது இடம் என்று பதில் சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு குழப்பம் தெரியும். முதல் நாளே தோற்றவன் மறுநாள் எப்படி ஆடினான்? தோற்றுக்கொண்டே ஒன்பது நாள் ஆடலாம் என்றால் அது என்ன போட்டி?

டென்னிஸும் உலகக் கோப்பைக் கால்பந்தும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். செய்தி எழுதுகிறவர்களே சில சமயம் ‘மூன்றாம் சுற்றோடு வெளியேறினார்’ என்று எழுதிவிடுகிறார்கள். போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரில் பலருக்கும், சில வருடம் ஆடிய பிள்ளைகளுக்கும்கூட, எதிராளி எப்படி முடிவாகிறார் என்பது புதிராகவே இருக்கிறது. அதை மட்டும் இங்கே அவிழ்த்துப் பார்ப்போம். செஸ் ஆடத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஒரு காய்கூட நகராது.

‘ஓப்பன்’ என்றால் என்ன

செஸ் போட்டிகளில் இரண்டு வகை. ஒன்று, அழைப்பின் பேரில் நடப்பது. பத்துப் பேரையோ பதினான்கு பேரையோ தேர்ந்தெடுத்துக் கூப்பிடுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள். இன்னொன்று ஓப்பன். நுழைவுக் கட்டணம் கட்டிப் பெயர் கொடுத்தால் யாரும் ஆடலாம். அதனால்தான் ஒரே அரங்கில் ஒரு மேசையில் கிராண்ட்மாஸ்டரும், பத்து மேசை தள்ளி ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும், கடைசி மேசையில் கால் தரையில் எட்டாத சிறுமியும் உட்கார்ந்திருப்பார்கள். ‘ஓப்பன்தானே, கற்றுக்குட்டிகள் ஆடுவது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். உள்ளே யார் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இருநூறு பேர் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்படி ஆட வைப்பது?

தராசும் 512 கற்களும்

512 கற்கள் இருக்கின்றன. இரண்டு தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது. எடைக்கல் கிடையாது, ஒரு கல்லை இன்னொரு கல்லோடு வைத்து எது கனம் என்று பார்க்க மட்டுமே முடியும். ஆகக் கனமான கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வழி, ஒவ்வொரு கல்லையும் மற்ற எல்லாக் கற்களோடும் நிறுத்துப் பார்ப்பது. செஸ்ஸில் இதை ரவுண்ட் ராபின் என்பார்கள்: எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடுவது. இதைவிட நேர்மையான முறை கிடையாது. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் போட்டி 1964-ல் முதல்முறை நடந்தபோது 14 பேர் இப்படித்தான் 13 சுற்று ஆடினார்கள்; மிகைல் தால் 12½ புள்ளி எடுத்து ஜெயித்தார். அதே போட்டி பிற்பாடு நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் ஓப்பனாக வளர்ந்தது. ஆள் பெருகினால் இந்த முறை தாங்காது. 200 பேர் என்றால் 199 சுற்று, 19,900 ஆட்டம். நாளுக்கு ஒன்று என்றாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது வழி, ஜோடி ஜோடியாக நிறுத்து இலேசான கல்லைத் தூக்கி எறிந்துவிடுவது. 512 பாதியாகி 256, அப்புறம் 128, 64... ஒன்பதே சுற்றில் ஒரு கல் மிஞ்சும். இதுதான் நாக்அவுட். வேகம் சரிதான். ஆனால் இரண்டாவது கனமான கல் முதல் சுற்றிலேயே முதல் கல்லோடு மோதியிருந்தால் அது குப்பையில் கிடக்கும். மேலும், பயணச்செலவு செய்து வந்தவர்களில் பாதிப் பேர் முதல் நாள் மாலையே மூட்டை கட்ட வேண்டும்.

மூன்றாவது வழியில் எதையும் எறிவதில்லை. முதல் நிறுவையில் ஜெயித்த கற்கள் ஒரு குவியல், தோற்றவை ஒரு குவியல். அடுத்த முறை ஜெயித்ததை ஜெயித்ததோடும் தோற்றதைத் தோற்றதோடும் நிறுக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் குவியல்கள் இன்னும் பிரியும். ஒன்பது சுற்று முடிகையில் எல்லாவற்றையும் வென்ற கல் ஒன்றே ஒன்று உச்சியில் நிற்கும். மற்றவை தத்தம் கனத்துக்கு ஏறக்குறைய பொருந்துகிற இடத்தில் படிந்திருக்கும்.

இதற்குப் பெயர் சுவிஸ் முறை. ஜூலியஸ் முல்லர் என்ற ஆசிரியர் வகுத்த இந்த முறையில் 1895-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு செஸ் போட்டி நடந்தது. அதனால்தான் இந்தப் பெயர். நாக்அவுட்டின் வேகம், ரவுண்ட் ராபினைப் போல எல்லாரும் கடைசி வரை ஆடுவது, இரண்டும் இதில் சேர்ந்துவிடுகின்றன.

சுருக்கமாக: ஜெயித்தால் 1, டிரா என்றால் ½, தோற்றால் 0. யாரும் வெளியேறுவதில்லை. உங்கள் முடிவு உங்கள் அடுத்த எதிராளியைத் தேர்ந்தெடுக்கிறது. மற்ற எல்லாமே இந்தக் கடைசி வாக்கியத்தின் கிளைகள்தான்.

முதல் சுற்று

யாரும் இன்னும் ஆடவில்லை, எல்லாருக்கும் பூஜ்யம். யாரை யாரோடு உட்கார வைப்பது? இதற்கு ரேட்டிங் உதவுகிறது. ஒருவர் எவ்வளவு பலமானவர் என்று முந்தைய ஆட்டங்களிலிருந்து கணக்கிட்ட எண் அது. ரேட்டிங் வரிசைப்படி 1 முதல் 200 வரை எல்லாருக்கும் ஓர் எண் தருவார்கள். இது தொடக்க எண். போட்டி முடியும் வரை மாறாது.

பட்டியலை நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியை மேல்பாதியின் பக்கத்தில் வையுங்கள். 1-க்கு நேரே 101 வரும், 2-க்கு நேரே 102, 100-க்கு நேரே 200. அவ்வளவுதான் முதல் சுற்று. ‘முதல் ரவுண்டிலேயே பெரிய ஆளைப் போட்டுவிட்டார்கள்’ என்று 105-ஆம் எண்காரரின் அப்பா வருத்தப்படுவது வழக்கம். யாரும் போடவில்லை. வெட்டி மடித்த காகிதம் போட்டது.

இரண்டாம் சுற்றிலிருந்து

முதல் சுற்றின் நூறு ஆட்டங்களில் 16 டிரா, மற்றதில் எல்லாம் வெற்றி தோல்வி என்று கொள்வோம். இப்போது ஒரு புள்ளியில் 84 பேர், அரைப் புள்ளியில் 32 பேர், பூஜ்யத்தில் 84 பேர். ஒரே புள்ளியில் நிற்பவர்களின் கூட்டத்தைப் புள்ளிக்குழு என்று சொல்லலாம். ஒவ்வொரு குழுவையும் தொடக்க எண்படி அடுக்கி, மறுபடி நடுவில் வெட்டி, மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு ஜோடி சேர்ப்பார்கள். 84 பேர் குழுவில் முதலாமவருக்கு எதிரே 43-ஆமவர். ஒவ்வொரு சுற்றுக்கும் இதே கதை.

அதற்கு மேல் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒருமுறை ஆடிய இருவர் அதே போட்டியில் மறுபடி மோதக் கூடாது. வெள்ளைக் காய்க்கு முதல் நகர்த்தல் கிடைப்பதால் சின்ன அனுகூலம் உண்டு. ஆகவே வெள்ளையும் கறுப்பும் கூடியவரை மாறி மாறி வர வேண்டும், ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை பொதுவாக வரக் கூடாது. குழுவில் ஒற்றைப்படையில் ஆள் இருந்தால் ஒருவர் அடுத்த குழுவுக்கு இறங்கி ஆட வேண்டும். மொத்த எண்ணிக்கையே ஒற்றைப்படை என்றால் கடைசிக் குழுவில் ஒருவருக்கு எதிராளி இருக்க மாட்டார். அவருக்கு ஆடாமலே புள்ளி. அதற்கு ‘பை’ என்று பெயர். ஒருவருக்கு ஒரு போட்டியில் ஒருமுறைதான் அது கிடைக்கும்.

இந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று இடிக்கும்போதுதான் ‘என்னைவிட அரைப் புள்ளி குறைந்தவரை எனக்கு ஏன் போட்டார்கள்’ என்ற சண்டை வருகிறது. ஒரு காலத்தில் நடுவர்கள் அட்டைகளை மேசையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி இதைச் செய்தார்கள். இன்று மென்பொருள் செய்கிறது. சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஜோடி சேர்க்கும் விதிகளை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது. ஒரே தகவலைக் கொடுத்தால் ஒரே விடைதான் வர வேண்டும். அமைப்பாளருக்கு வேண்டிய பையனுக்கு லேசான எதிராளி என்ற புகாரை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விதியைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தவர் யாரும் அப்படிப் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

ரேட்டிங் எப்படி ஏறுகிறது, இறங்குகிறது

ரேட்டிங்கைப் பரிசாகக் கிடைக்கும் புள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கணிப்பு. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ உருவாக்கிய கணக்கு. ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, நூறு ஆட்டம் ஆடினால் யார் எத்தனை புள்ளி எடுப்பார் என்று அது சொல்லும். 200 கூடுதல் என்றால் ஏறக்குறைய 76 புள்ளி. 400 கூடுதல் என்றால் 92.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1800 ரேட்டிங் உள்ளவர் 2200 ரேட்டிங்காரரோடு டிரா செய்கிறார். அவரிடம் எதிர்பார்த்தது 0.08 புள்ளி, எடுத்தது 0.5. வித்தியாசம் 0.42. பல வருடம் ஆடிய நடுத்தர ஆட்டக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை 20-ஆல் பெருக்குவார்கள். ஆக ரேட்டிங்கில் 8.4 புள்ளி ஏற்றம். எதிரே இருந்தவருக்கும் அதே பெருக்கல் என்றால் அவருக்கு 8.4 இறக்கம். தோற்கவில்லை, டிராதான் செய்தார். அதற்கே இந்த விலை. உலகின் முதல் பத்துப் பேர் ஓப்பன் பக்கம் அதிகம் தலைகாட்டாததற்கு இது ஒரு பெரிய காரணம். ஜெயித்தால் கிடைப்பது அற்பம், சறுக்கினால் போவது அதிகம்.

2023-ல் கத்தார் மாஸ்டர்ஸ் ஓப்பனில், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த மாக்னஸ் கார்ல்சனுக்கு இதுதான் நடந்தது. இரண்டாம் சுற்றில் கஜகஸ்தானின் அலிஷர் சுலைமெனோவிடம் தோற்றார். ஏழாம் சுற்றில் கார்த்திகேயன் முரளியிடம் தோற்றார். அழைப்புப் போட்டிகளை மட்டும் ஆடியிருந்தால் இந்த இருவரையும் அவர் எதிரே உட்கார வைத்தே இருக்க மாட்டார்கள்.

சமப் புள்ளி எடுத்தும் ஏன் கீழே?

பரிசளிப்பு மேடையில் அதிகமாகக் கசப்பு வரும் இடம் இது. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. ஒருவர் இரண்டாம் இடம், இன்னொருவர் ஆறாம் இடம். எப்படி?

நிலா, அருள் என்று இரண்டு பேர். 32 பேர் ஆடும் ஐந்து சுற்றுப் போட்டி. இருவருக்கும் நான்கு புள்ளி. நிலா முதல் சுற்றில் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார். அருள் முதல் நான்கையும் வென்று, கடைசிச் சுற்றில் சாம்பியனிடம் தோற்றார்.

அருளின் எதிராளிகள் போட்டி முடிவில் எடுத்த புள்ளிகள்: 2, 3, 3, 4, 5. கூட்டினால் 17. நிலாவின் எதிராளிகள் எடுத்தவை: 3, 1, 2, 2½, 3. கூட்டினால் 11½. இப்படி எதிராளிகளின் புள்ளியைக் கூட்டுவதற்குப் புக்ஹோல்ஸ் என்று பெயர், புரூனோ புக்ஹோல்ஸ் என்பவர் பெயரால். அருள் மேலே, நிலா கீழே.

நிலா என்ன தப்பு செய்தார்? முதல் சுற்றில் தோற்றதும் பூஜ்யக் குழுவுக்கு இறங்கினார். அங்கே ஒருவரை வென்றார், பின்பு ஒரு புள்ளிக் குழுவில் ஒருவரை, பின்பு இரண்டு புள்ளிக் குழுவில் ஒருவரை, கடைசியில் மூன்று புள்ளிக் குழுவில் ஒருவரை. ஒவ்வொரு சுற்றிலும் அருளைவிட ஒரு படி கீழே நின்றுதான் ஏறினார். அருள் அந்த நேரமெல்லாம் உச்சியில் இருப்பவர்களோடு மோதிக்கொண்டிருந்தார். நான்கு புள்ளி என்ற எண் ஒன்றேதான்; அதற்குள் இருக்கும் ஆட்டங்கள் ஒன்றல்ல.

எனக்கு இந்த முறையின் மேல் முழுத் திருப்தி கிடையாது. எதிராளி உங்களிடம் தோற்ற பிறகு மனம் விட்டு அடுத்த மூன்று ஆட்டத்தையும் கோட்டைவிட்டால் உங்கள் புக்ஹோல்ஸ் இறங்கும். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். அந்தக் குறையைத் தணிக்க, எதிராளிகளில் ஆகக் குறைந்த ஒருவரை விட்டுவிட்டுக் கூட்டுவதும் உண்டு. முதலிடத்துக்கு மட்டும் சில போட்டிகளில் குறுகிய நேர ஆட்டம் வைத்துத் தீர்ப்பார்கள். எல்லா இடத்துக்கும் அப்படிச் செய்ய யாருக்கும் நேரம் இல்லை.

இதுவரை வந்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: சுவிஸ் முறை முதல் சில இடங்களை நன்றாகவே கண்டுபிடிக்கும். நடுவில் இருக்கும் இடங்களை அது தோராயமாகத்தான் சொல்லும். 60-ஆம் இடத்துக்கும் 75-ஆம் இடத்துக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் காற்றில் வரைந்த கோடு.

வேண்டுமென்றே தோற்றால்?

நிலாவின் கதையைக் கேட்டதும் சிலருக்கு ஒரு குறுக்கு யோசனை வரும். முதலில் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, கீழே இறங்கி, லேசானவர்களை வரிசையாக அடித்து, கடைசியில் சத்தமில்லாமல் மேலே வந்துவிட்டால்? இதற்கு ஆட்டக்காரர்களிடையே ‘சுவிஸ் கேம்பிட்’ என்று கேலிப்பெயரே இருக்கிறது; செஸ்ஸில் கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே ஒரு காயைப் பலிகொடுத்து அனுகூலம் தேடுவது.

கணக்கு ஒத்துவராது. தொடர்ந்து ஜெயித்தால் கடைசிச் சுற்றுகளில் மேல்வரிசைக்காரர்கள் எப்படியும் எதிரே வருவார்கள். வராவிட்டால் உங்களுக்குப் பரிசு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இழந்த புள்ளி திரும்பாது, புக்ஹோல்ஸும் அடி வாங்கும். இருந்தாலும் தொடக்கத்தில் சறுக்கியவர் எழுந்து வர முடியும் என்பது உண்மை. 2015 கத்தார் மாஸ்டர்ஸில் அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சன் முதல் சுற்றில் ஜார்ஜியாவின் நினோ பட்ஸியஷ்விலியோடு டிரா செய்ய வேண்டியதாயிற்று. முடிவில் 7 புள்ளியோடு யூ யாங்கியுடன் சமமாக நின்று, பிளிட்ஸ் எனப்படும் சில நிமிட ஆட்டங்களில் அவரை வென்று முதலிடம் பிடித்தார்.

அதற்கு முந்தைய வருடம், அதே கத்தார். அனிஷ் கிரி முதல் ஆறு சுற்றையும் வென்றார். நாக்அவுட் கண்ணோடு பார்த்தால் ஆள் தொட முடியாத உயரத்தில் இருக்கிறார். ஆனால் சுவிஸ் முறை முன்னணியில் இருப்பவரை நிம்மதியாக விடாது. அவரைத் துரத்தும் ஆகச் சிறந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து எதிரே உட்கார வைக்கும். ஏழாம் சுற்றில் கிராம்னிக் கிரியை வென்றார். எட்டாம் சுற்றில் யூ யாங்கி கிரியை வென்றார். கடைசிச் சுற்றில் அதே யூ யாங்கி கிராம்னிக்கையும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார். நான் யாருக்காவது சுவிஸ் முறையை விளக்க வேண்டியிருந்தால் இந்த மூன்று சுற்றைத்தான் காட்டுவேன்.

நார்ம்: பரிசைவிடப் பெரிய இரை

ஓப்பனுக்கு வருகிறவர்களில் பலர் கோப்பைக்காக வருவதில்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங் ஒருமுறையாவது 2500-ஐத் தொட வேண்டும். அதோடு மூன்று நார்ம் வேண்டும். நார்ம் என்பது, ஒரு முழுப் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியதற்கான அத்தாட்சி. பொதுவாக ஒன்பது ஆட்டம். அதில் ஆடிய தரம் 2600 ரேட்டிங்குக்கு ஈடாக இருக்க வேண்டும். எதிராளிகளின் சராசரி 2380 என்றால் ஒன்பதுக்கு ஏழு புள்ளி எடுக்க வேண்டும். சராசரி 2475 என்றால் ஆறு போதும். எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் யாரோடு ஜோடி சேர்கிறோம் என்பது மறுபடி வாலாட்டுகிறது. நன்றாக ஆடியும், போதிய பலமுள்ள எதிராளிகள் அமையாமல் நார்ம் கைநழுவியவர்கள் நிறைய. நேர்மாறாகவும் நடக்கும். 2018-ல் இத்தாலியின் ஓர்டிசேயில் நடந்த கிரெடின் ஓப்பனில், பிரக்ஞானந்தாவுக்கு எட்டாம் சுற்று முடிந்ததும் தேவைப்பட்டது ஒன்றுதான்: கடைசிச் சுற்றில் போதுமான ரேட்டிங் உள்ள ஒருவர் எதிரே அமைய வேண்டும். ஜோடிப் பட்டியல் வந்தது, அப்படி ஒருவரே அமைந்தார். 12 வயது 10 மாதத்தில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆவது அந்தப் பட்டியலிலேயே உறுதியாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் குகேஷ், டெல்லி ஓப்பனில் கடைசி நார்மை முடித்தபோது அவருக்கு வயது 12 வருடம், 7 மாதம், 17 நாள்.

ஒரு வரிசையைப் படிப்பது எப்படி

இனி ஏதாவது ஓப்பன் போட்டியின் முடிவுப் பட்டியல் கண்ணில் பட்டால் இடத்தையும் புள்ளியையும் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சுற்றுவாரியாக மூன்று தகவல் இருக்கும்: எதிராளியின் எண், ஆடிய நிறம், எடுத்த புள்ளி. 200 பேர் போட்டியில் 64-ஆம் எண்காரரின் வரிசை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

164 வெள்ளை 1, 14 கறுப்பு 0, 120 வெள்ளை 1, 31 கறுப்பு ½, 22 வெள்ளை 0, 97 கறுப்பு 1, 41 வெள்ளை ½, 52 கறுப்பு 1, 19 வெள்ளை ½.

மொத்தம் ஐந்தரை. 64-ஓடு நூறைக் கூட்டினால் 164. அது மடித்த காகிதம் போட்ட ஜோடி. அவரை வென்றதும் 14-ஆம் எண்காரர் வந்தார், அடி விழுந்தது. உடனே 120-க்கு இறங்கினார். அவரை வென்றதும் 31-க்கு ஏறினார். 22-இடம் தோற்று மறுபடி 97. கடைசி மூன்று சுற்றில் அப்படி ஓர் இறக்கம் இல்லை, எதிராளிகள் எல்லாரும் இவரைவிட மேலே இருப்பவர்கள், ஒருவரிடமும் தோற்கவில்லை.

கடைசிச் சுற்றில் எதிரே வந்த 19-ஆம் எண்காரர் உண்மையில் இதைவிட மேல் மேசையில் இருந்திருக்க வேண்டியவர். எட்டுச் சுற்றில் எங்கோ சறுக்கி ஐந்து புள்ளி வாக்கில் நின்றதால்தான் 64-ஆம் எண்காரருக்குக் கிடைத்தார். எங்கே சறுக்கினார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய வரிசையைப் பாருங்கள். அதே பட்டியலில் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும்.